மதிலில் விட்ட இடம்

†
செம்பங்குளம்
12.01.2025

அன்புள்ள தம்பி குலசிங்கத்துக்கு,

ஆண்டவரின் தயவால் நானும் மகள் சுலக்சனாவும் சுகம். குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ரதி சுகமா? நீ இன்னும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறாயா? போனில் கேட்டால் என்ன என்கிறாள் சுலக்சனா. போனில் நீ கத்துவாய். ஷெல் விழுந்த பக்கத்துக் காது எனக்குக் கேட்காது. நான் வேறு எதற்கோ பதில் சொல்வேன், நீ இன்னும் கத்துவாய். எங்களுக்குக் கடிதமே நல்லது.

இரண்டு செய்தி. எங்கள் ஆயர் அமிர்தநாதர் ஆண்டகை ஆனி மாதம் ரொறன்ரோவுக்கு வருகிறார். இது கத்தோலிக்கருக்கு மட்டுமான பயணம் அல்ல. எல்லாச் சபைத் தமிழ்க் கிறிஸ்தவர்களையும் சந்தித்து ஒன்றாகச் செபிக்க வேண்டும் என்று வருகிறார். இடம்பெயர்ந்து வந்த காலத்தில் இங்கே இளம் சுவாமியாராக இருந்தவர் அவர்தான். அப்பாவை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

மற்றது, எங்கள் சவக்காலையைப் பெருப்பிக்கிறார்கள். பழைய மதிலை உடைத்தாயிற்று. புது மதிலை நேராகக் கட்டினால், வெளியே இருக்கும் அப்பாவின் கல்லறை உள்ளே வந்துவிடும். வளைத்துக் கட்டினால் முந்தி மாதிரி வெளியே இருக்கும். பிள்ளைகளின் சம்மதம் வேண்டுமாம். நான் கலியாணத்தோடு கத்தோலிக்கமானவள். அப்பாவின் புரட்டஸ்தாந்து மிஷன் சபையில் இன்னும் பெயர் உள்ள பிள்ளை நீ ஒருவன்தான். உள்ளே எடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

குளிரில் தொப்பி இல்லாமல் திரியாதே.

அன்பு அக்கா,
புஸ்பராணி


ஸ்காபரோ
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆகவே சுகம். ரதியும் சுகம். முழங்கால் அப்படியே. உங்கள் இருமல் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்.

சம்மதம் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு நான் இங்கே ஒரு கோப்பிக் கடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அப்பா போய்விட்டார் என்பதற்குக் கீழே, “சவக்காலை மதிலுக்கு வெளியே அடக்கம் செய்தோம்” என்று ஒரு வரி. ஏன் வெளியே என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. ஊரை விட்டு ஓடி, கத்தோலிக்கக் கோயில் வளவில் ஒரு தறப்பாளுக்குக் கீழே செத்த மிஷன்காரருக்கு, அந்தச் சவக்காலையில் ஆறடி இல்லை. மதிலுக்குள்ளே காணி காணியாக வெறும் நிலம் கிடந்ததை நீங்களே வேறொரு கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவாமியார்தான் இன்றைக்கு ஆண்டகை. அவர்தான் ஒற்றுமை பேச விமானம் ஏறி வருகிறார்.

வெளியே போட்டவரை இப்போது எதற்கு உள்ளே எடுக்க வேண்டும்? படம் எடுக்கவா? மதில் வளையட்டும். அந்த வளைவைப் பார்த்துப் போகிறவன் வருகிறவன் ஏன் என்று கேட்கட்டும். உங்கள் ஊரில் ஒரு உண்மையாவது கல்லில் நிற்கட்டும்.

இன்னொன்று. இங்கே எட்டுத் தமிழ்ச் சபைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கின்றன. ஆண்டகைக்கு வரவேற்புரை சொல்ல, நல்ல தமிழ் தெரிந்தவன் என்று என்னைக் கேட்டார்கள். பதினைந்து வருடமாக என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பவர்களும் கேட்டார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கும்.

சுலக்சனாவுக்கு என் அன்பு.

தம்பி,
குலசிங்கம்


†
செம்பங்குளம்
06.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இந்த முறை நெல் பிந்தித்தான் வெட்டினார்கள். கடைசி மழையில் பாதி சரிந்துவிட்டது. இருமல் இருக்கிறது. அது எனக்குப் பழகிய இருமல்.

வரவேற்புரையில் என்ன சொல்லப் போகிறாய்? எழுதியிருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பள்ளிக்கூடத்தில் உன் கட்டுரைகளைத் திருத்தியவள் நான்தானே.

மேசன் வேலை தொடங்கிவிட்டார். உன் பதிலைப் பற்றி எங்கள் கோயில் சபையாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதனால் அப்பாவின் இடத்தில் மட்டும் கல் வைக்காமல் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு போகிறார்.

அப்பாவை ஒருவரும் வெளியே தள்ளவில்லை, தம்பி. அதை மட்டும் நம்பு.

ரதிக்கு மிளகாய்த்தூள் வேண்டுமா என்று கேள். ஆண்டகையோடு வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

அக்கா


ஸ்காபரோ
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மிளகாய்த்தூள் வேண்டும் என்கிறாள் ரதி.

குழுவின் கூட்டத்துக்குப் போனேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோயிலின் நிலக்கீழ் அறை. எட்டுச் சபை என்று எழுதினேன் அல்லவா, அவற்றில் மூன்று என் சபையிலிருந்து உடைந்தவை. ஒன்று உபதேசத்தால் உடைந்தது. இன்னொன்று பாட்டுக்கு வாசிக்கும் கீபோட்டை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில் உடைந்தது. மூன்றாவது ஏன் உடைந்தது என்று உடைத்தவர்களுக்கே மறந்துவிட்டது. இவர்கள் ஒன்றாக இருந்து வடை சாப்பிட்டார்கள். அதுவரை நல்ல ஒற்றுமை.

பிறகு கர்த்தருடைய செபம் வந்தது. எல்லாரும் சேர்ந்து சொல்ல இருப்பது அது ஒன்றுதான். முதல் வரியிலேயே நாங்கள் பிதா என்போம், நீங்கள் தந்தை என்பீர்கள். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். முடிவுதான் சிக்கல். தீமையிலிருந்து காப்பாற்றும்படி கேட்டதோடு நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். எங்களுக்கு அதற்குப் பிறகும் “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று ஒரு வரி உண்டு.

“பூசையில அந்த வரியை நாங்களும் சொல்லுறனாங்கள்தான்” என்றார் கத்தோலிக்கர் பக்கத்துச் சந்தியோகு மாஸ்ரர். “ஆனா சுவாமியார் நடுவில ஒரு செபம் சொன்னாப் பிறகு. ஒரேயடியாச் சொல்லுறேல்லை.”

“அப்ப நாங்கள் சொல்லேக்கை நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிப்பியளோ?”

“நீங்கள்தானே கூடச் சொல்லுறியள். நாங்கள் குறைச்சுச் சொல்லேல்லையே.”

அரை மணித்தியாலம் இப்படிப் போனது. கடைசியில் மல்வேர்ன் சபையின் பாஸ்டர் விதுர்சன் எழும்பினார். முப்பது வயது, கையில் எப்போதும் கிற்றார். “அங்கிள்மார், ஏன் கொம்ப்ளிகேற் பண்ணுறியள்? இங்கிலிஷில சொல்லுவம். ஸ்கிரீனில போட்டா பிள்ளையளும் வாசிக்குங்கள்.”

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. ஒருவர் கைகூடத் தட்டினார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒன்றாகச் செபிக்கும் பாஷையைக் கண்டுபிடித்துவிட்டோம், அக்கா. அது ஆங்கிலம். கடைசி வரியைச் சின்ன எழுத்தில், விரும்பியவர்கள் சொல்லலாம் என்று போடுவார்களாம்.

வரவேற்புரை எழுதி முடித்துவிட்டேன். பிரதி அனுப்ப மாட்டேன், திருத்திவிடுவீர்கள். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க வரவேற்பு. இரண்டாம் பக்கம் அப்பாவின் கல்லறை. அவருடைய முகத்துக்கு நேரே, முந்நூறு பேருக்கு முன்னால், நல்ல தமிழில் கேட்கப் போகிறேன்.

ஒருவரும் தள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் செத்த மனிதர் தானாக நடந்து போய் வெளியே படுத்தாரா?

குலசிங்கம்


ஸ்காபரோ
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள்?

சித்திரை முழுக்க உங்கள் கடிதம் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். நான் கோபத்துக்குப் பதில் எழுதத் தெரிந்தவன். மௌனத்துக்கு எழுதத் தெரியாது. அது உங்கள் பாடம். தொண்ணூற்றாறிலிருந்து நன்றாகப் படித்திருக்கிறீர்கள்.

ரதி சொல்கிறாள்: “உங்கட அக்கா கோவிக்கிற ஆள் இல்லை. வேறை என்னவோ. ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன்.” இரண்டு முறை எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. சைவக்காரி, கோயிலுக்குப் போய் உங்கள் பெயரில் ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்திருக்கிறாள். அதையும் உங்கள் ஆண்டகையின் ஒற்றுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரவேற்புரை விஷயத்தில் நான் மாற மாட்டேன். அதற்காக எழுதாமல் இருக்க வேண்டாம்.

குலசிங்கம்


மின்னஞ்சல்
16.05.2025

அன்பின் மாமாவுக்கு,

சுலக்சனா எழுதுகிறேன். உங்கள் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் எடுத்த நேரம் நாங்கள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நின்றோம். அம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டா. “சும்மா ஒரு சோதனைக்குப் போனது எண்டு எழுது” என்று சொன்னா. அப்படியே எழுதுகிறேன்.

அடுத்த முறை நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். இதை எழுதச் சொல்லவில்லை.

பின்னேரங்களில் ஓட்டோ பிடித்து அம்மா சவக்காலைக்குப் போறா. மதிலில் கல் வைக்காமல் விட்ட இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு இருக்கிறா. “என்னம்மா பாக்கிறியள்” என்று கேட்டேன். “அளவு பாக்கிறன்” என்றா.

மேசன் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று நிற்கிறார். உங்கள் பதில் வரவில்லை என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.

உங்கள் அன்பு மருமகள்,
சுலக்சனா


†
செம்பங்குளம்
02.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. ஆண்டகையின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். “உம்முடைய தம்பியிட்ட நேரில குடுப்பன்” என்று வாங்கிக்கொண்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவரை என்ன செய்வதென்று வாசித்துவிட்டு நீ முடிவு செய்.

அப்பாவுக்குக் காய்ச்சல் கூடிய நாள் சுவாமியார் வந்து பார்த்தார். அப்போதே மதிலுக்குள், மாமரத்துக்குக் கீழே, நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கிவைத்தார். ஆட்கள் குறைவு, பொடியன்கள் எல்லாரும் பயத்தில் எங்கேயோ. அதனால் குழியைத் தானே வெட்டத் தொடங்கியும் விட்டார். அப்பாவுக்கு அது தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார். என் கலியாணத்துக்குப் பிறகு என்னோடு முகம் பார்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

“என்னை ரோட்டுக்கரையில வைச்சாலும் சரி, உவையின்ர மதிலுக்குள்ள வைக்காதை” என்றார். இருந்தாலும் நான் கேட்டேன். “அப்பா, நானும் நாளைக்கு அதுக்குள்ளதானே வருவன்” என்றேன். அதற்கு அவர், “நீ போன வாசலால நான் வரமாட்டன், பிள்ளை” என்றார். பிள்ளை என்று சொன்னார். அன்றிரவு போய்விட்டார்.

சுவாமியாரிடம் சொன்னேன். வெட்டிய குழியை மூடிவிட்டு, மதிலுக்கு வெளியே வேறொன்று வெட்டினார். மிஷன் போதகர் ஒருவரும் அகப்படவில்லை. அப்பாவின் பெட்டிக்குள்ளிருந்த ஆராதனைப் புத்தகத்தை எடுத்து, அதிலே உள்ளபடி முழுவதையும் வாசித்தார். கர்த்தருடைய செபத்தில் பழக்கத்தால் நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். மிச்ச வரியை நான் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொன்னார்.

“இதை என் தம்பியிடம் சொல்லாதேங்கோ” என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். மிஷன்காரரை மதிலுக்கு வெளியே போட்ட சுவாமியார் என்று சனம் கதைத்தபோதும் அவர் வாய் திறக்கவில்லை.

என்ன சொல்லி உனக்கு எழுதுவது? அப்பா சாகும்போதும் என்னோடு இருக்க விரும்பவில்லை என்று எழுதவா? சுவாமியார் என்று நீயாக நினைத்தாய். நினைக்க விட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான். அவருக்குப் பக்கத்தில் ஒரு இடம். மதில் வளைந்தால் நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் கல். அப்பாவின் சொல்லும் உன் கையில்தான், நானும் உன் கையில்தான்.

மிளகாய்த்தூள் ஆண்டகையின் பெட்டிக்குள் இருக்கிறது. கேட்டு வாங்கு.

அக்கா


ஸ்காபரோ
24.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நெஞ்சுப் படம் என்ன சொன்னது? சும்மா என்று எழுத வேண்டாம்.

கடிதம் கிடைத்தது. மண்டபத்து வாசலில் ஆண்டகை ஒரு கையில் மிளகாய்த்தூள் பொதியும் மறு கையில் உங்கள் கடிதமுமாக நின்றார். “நீர்தானே குலசிங்கம்? அப்பாவின்ர நெத்தி” என்றார். கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் இருந்து வாசித்தேன். பாஸ்டர் விதுர்சன் வந்து கண்ணாடியில் தட்டினார்: “அங்கிள், வி ஆர் ஸ்ராட்டிங்.” இன்னும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

முதலில் உங்களிடம் கோபிக்கிறேன். முப்பது வருடம் பிழையான ஆளை வெறுக்க விட்டீர்கள். நான் எவ்வளவு ஒழுங்காக வெறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வேலை மாதிரிச் செய்தேன். இப்போது அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அப்பாவிடமா?

மேடையில் முதல் பக்கத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆனால் சும்மா இறங்கவில்லை. “என் தகப்பனை இவர் அடக்கம் செய்தார். தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, என் தகப்பனின் புத்தகத்தைத் திறந்து செய்தார். இங்கே இருக்கும் முந்நூறு பேரில் எத்தனை பேர் பக்கத்துச் சபையின் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்? கீபோட்டைப் பங்குபோடத் தெரிந்த எங்களுக்கு இவரை வரவேற்க என்ன தகுதி இருக்கிறது?” என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருவர் செருமினார். ஆண்டகை கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரையில் ஆங்கிலச் செபம் வந்தது. ஒலிவாங்கி இன்னும் என் கையில். நான் தமிழில் தொடங்கினேன், அப்பா சொல்லித் தந்தபடி. விதுர்சன் திரையைக் காட்டிக் கையை ஆட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்கள் சேர்ந்தார்கள். கத்தோலிக்கர் தங்கள் சொற்களில் சேர்ந்தார்கள். ஒரே இரைச்சல், சந்தைக்குள் நிற்கிற மாதிரி. ஒருவரும் ஒருவருக்காகவும் நிறுத்தவில்லை. நன்றாக இருந்தது.

நீங்கள் நிறுத்தும் இடம் வந்தது. நான் அங்கே நிறுத்தினேன்.

அப்பா இருந்திருந்தால் மேடையில் வைத்தே அறைந்திருப்பார். ரதியைக் கட்டியதை விட்டால், வாழ்நாளில் அவருக்கு எதிராக நான் செய்த முதல் காரியம் அது. அவர் முகம் பார்க்காத உங்களுக்காகச் செய்தேன். எங்கள் ஆட்கள் என் குரலைக் காணாமல் தடுமாறிவிட்டார்கள். அந்த இடைவெளியில் முன்வரிசையிலிருந்து கடைசி வரியை ஒருவர் தெளிவாகச் சொல்லத் தொடங்கினார். ஆண்டகை. புத்தகமும் இல்லை, திரையையும் பார்க்கவில்லை. பிறகுதான் மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

சாப்பாட்டில் கேட்டார்: “நீர் ஏன் இடையில நிப்பாட்டினனீர்?”

“நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?”

“அது உம்முடைய அக்கா படிப்பிச்சது. மறக்கேலாது” என்று சொல்லிவிட்டு, கொத்துரொட்டியில் உறைப்புப் போதாது என்றார்.

இனி மதில். அப்பாவை உள்ளே எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவர் வரமாட்டேன் என்று சொன்னவர். செத்தவரை ஏமாற்றி உள்ளே கொண்டுவருவது அவருடைய பிடிவாதத்தைவிடக் கேவலம். மதிலை வளைக்கவும் சம்மதிக்க மாட்டேன். அவருடைய பிடிவாதத்துக்குக் கல் எடுத்துக் கொடுக்க நான் ஆள் இல்லை.

மேசன் விட்ட இடம் விட்டபடியே இருக்கட்டும். அங்கே கல் வேண்டாம். அவர் ஒரு வாசலாலும் வரத் தேவையில்லை. நீங்களும் வெளியே போகத் தேவையில்லை. சபையாரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்: மிஷன்காரனின் சம்மதம் இது ஒன்றுக்கு மட்டுமே.

குலசிங்கம்


†
செம்பங்குளம்
21.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். படத்தைப் பற்றிச் சுலக்சனா உனக்குத் தனியாக எழுதிவிட்டாள் என்று தெரியும். அவளை நான் ஏசவில்லை.

உன் கடிதத்தைச் சபைக் கூட்டத்தில் வாசித்தேன். மதில் என்றால் முழுக்க இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு வந்து பூக்கன்றெல்லாம் மேய்ந்துவிடும் என்றார்கள். ஒருவர், “கனடாவில இருக்கிறவைக்கு எங்கட மாட்டைத் தெரியாது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஆண்டகை திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். “மாடு வந்தால் கலைக்கலாம்” என்று மட்டும் சொன்னார். சபையார் இன்னும் முணுமுணுக்கிறார்கள். வருகிற கூட்டத்தில் திரும்ப எடுப்பார்களாம்.

நான் என் இடத்தைக் காட்டிவிட்டேன். அப்பாவின் வலது பக்கம். அளவு சரியாக இருக்கிறது.

ரதியின் அர்ச்சனைக்கு என் நன்றி சொல்.

அக்கா


ஸ்காபரோ
17.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாக. ரதி உங்களுக்கு இன்னொரு அர்ச்சனை செய்தாள். கர்த்தருடைய செபத்தை நானும் தினமும் சொல்கிறேன், கடைசி வரியோடுதான். மேடையில் நிறுத்தியது ஒருமுறை. பழக்கமாக்க மாட்டேன்.

உங்கள் சபையாருக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் யாராவது ஒரு கல் வைத்தால், மார்கழியில் நான் வந்து என் கையால் பிடுங்குவேன் என்று எழுதியிருக்கிறேன். மாட்டைப் பற்றிச் சிரித்தவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. நல்ல தமிழில்தான் எழுதினேன், திருத்தாமல் கொடுங்கள்.

மார்கழி எட்டாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். ரதியும் வருகிறாள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வருகிறவனுக்குப் போனில் பதில் சொல்வது போல் வேறு எதற்கோ பதில் சொல்ல வேண்டாம். நல்ல காதை என் பக்கம் வைத்து இருங்கள்.

அப்பாவின் வலது பக்கம் உங்களுக்கு. அதை ஒருவருக்கும் விடாதீர்கள். நீங்களும் அவசரப்பட்டு அதில் போய்ப் படுக்க வேண்டாம். நான் வந்து, அந்தப் பிளாஸ்ரிக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு இருந்து, அந்த மனிதரோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சாட்சிக்கு வேண்டும்.

தம்பி,
குலசிங்கம்